தலைமை கைமாறும் முறை

(நம் சங்கத்தின் மரக்காணக் கிளையில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசப் பணித்த காரியதரிசி அவர்கள், பொருளைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டுவிட்டார்கள். தமிழ் கற்பிப்பவன் ஆதலின், எயிற்பட்டினத்தின் பழஞ்சிறப்பையே மீண்டும் எடுத்துரைப்பேன் என்று உங்களிற் பலர் அஞ்சியிருக்கக் கூடும். சிறுபாணாற்றுப்படையிற் கூறப்பெறும் அப்பட்டினம் நம் மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கொள்வதை இம்மேடையில் யான் பன்முறை சொல்லியாயிற்று; நீங்களும் பொறுமையோடு கேட்டாயிற்று. இன்று அதனை விடுத்து, சென்னை பெங்களூர் முதலிய நகரங்களிலுள்ள கணிப்பொறிக் கம்பெனிகளில் தலைமை எவ்வாறு கைமாறுகின்றது, அம்மாற்றத்தால் உள்ளிருப்போர்க்கு நேர்வன யாவை என்பது பற்றிச் சிறிது பேச விரும்புகின்றேன்.

உப்பளத்தாருக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று வினவுவார் இக்காலத்து எவரும் இலர். நம் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் உப்புப் பாத்தியிலும், மற்றொருவர் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ கணிப்பொறியின் முன்னும் இருக்கின்றனர். தந்தையார் வானத்தைப் பார்த்து நாளைய கூலியை அறிகின்றார். மகன் எதனைப் பார்த்து நாளைய நிலையை அறிவது என்பதுதான் தெரியவில்லை.

யான் பயிற்றிய மாணாக்கன் ஒருவன் உளன். அவன் தந்தையார் விடியற்கு முன் எழுந்து சென்று உப்பு வாரி, அவனைப் பொறியியல் படிக்க வைத்தார். சென்னையில் ஒரு கம்பெனியில் அவன் ஆறாண்டுகள் உழைத்தான். அதன் பெயர் ஈண்டு வேண்டா. இச்சொற்பொழிவில் யான் பெயர் சொல்லும் கம்பெனிகள் எவற்றிலும் அவன் இருந்தவன் அல்லன். ஒருநாள் அக்கம்பெனிக்குப் புதிய தலைவர் வந்தார். வந்த சில திங்களுள், ஒரு காலை பத்து மணிக்குக் கணிப்பொறித் திரையிலேயே ஒரு கூட்டத்திற்கு அழைப்பு வந்தது. கால்மணி நேரத்திற் கூட்டம் முடிந்தது. நண்பகலுக்கு முன் அவனுடைய கணிப்பொறி அவனுக்குத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியவன் என்னைக் காண வந்து, "ஐயா, நான் செய்த பிழை என்ன?" என்று கேட்டான். இலக்கணப் பிழையாயின் சொல்லியிருப்பேன். இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. அதன் பின்னர் ஓராண்டுக் காலம், இக்கம்பெனிகளின் வரலாற்றைக் கிடைத்த நூல்களாலும் செய்தித்தாள்களாலும் படித்தறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்கண் இன்போசிஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1981இல் புனா நகரில் எழுவர் கூடி அதனைத் தொடங்கினர். எழுவருள் தலைவராய் நின்று அதனை வளர்த்தவர் நாராயண மூர்த்தி அவர்கள். இருபத்தோராண்டுகள் நடத்தியபின், 2002இல் தலைமை நிருவாகி என்னும் பதவியை நந்தன் நிலேகணி அவர்களிடம் ஒப்புவித்தார். 2007இல் கோபாலகிருஷ்ணன், 2011இல் ஷிபுலால் என்று அப்பதவி வரிசையாய்ச் சென்றது. இவர்கள் யாவரும் எழுவருள் அடங்கியவரே. ஆகவே தலைமை மாறியதுபோலத் தோன்றினும், ஒரு வீட்டு அண்ணன் தம்பியர் முறைவைத்துப் பந்தி விசாரித்தது போன்றதே அது. பரிமாறுவோர் மாறினரேயன்றிச் சமையல் மாறவில்லை.

2011இல் மூர்த்தி அவர்கள் முற்றும் ஓய்வு பெற்றார். கம்பெனியின் வளர்ச்சி சிறிது தளர்ந்தது. 2013 ஜூன் திங்களில் அவரையே மீண்டும் அழைத்தனர், அவரும் வந்தார். வரும்போது தம் மகனாரைத் தம் உதவியாளராக உடன் கொணர்ந்தார். நிறுவியவர்களின் மக்கள் கம்பெனிக்குள் வரலாகாது என்னும் நெறியை உலகறியச் சொல்லிவந்தவர் அவரேயாதலின், அச்செயல் பலருடைய புருவங்களை நெரித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், எழுவரைச் சாராத விஷால் சிக்கா என்பார் முதன்முறையாக அவ்விருக்கையில் அமர்ந்தார். தந்தையும் மகனும் விலகினர்.

விலகினர் என்றேன், ஆயினும் கதை அங்கு முடியவில்லை. புதிய தலைவரின் சம்பளம், பனயா என்னும் கம்பெனியை விலைக்கு வாங்கிய முறை, விலகிச் சென்ற ஓர் உயர் அதிகாரிக்குக் கொடுத்த பெருந்தொகை ஆகியவற்றைப் பற்றி மூர்த்தி அவர்கள் வெளிப்படையாக வினாக்கள் எழுப்பினார். சிக்கா அவர்கள் 2017 ஆகஸ்டு 18ஆம் நாள் பதவியைத் துறந்தார். அதற்கு மூர்த்தி அவர்களின் இடையறாத தாக்குதலே காரணம் என்று டைரக்டர் சபையார் அறிக்கை விட்டனர். அவர் அதனை மறுத்தார். ஒரு கிழமைக்குள் நிலேகணி அவர்களே டைரக்டர் சபைத் தலைவராகத் திரும்பி வந்து பூசலை அடக்க வேண்டியதாயிற்று. 2018 தொடக்கத்திற் சலில் பரேக் தலைமை நிருவாகியானார்; 2022இல் மேலும் ஐயாண்டுக்கு அவரையே நியமித்தனர். கூச்சல் அடங்கி, வேலை நடந்தது.

மூர்த்தி அவர்கள் கேட்ட வினாக்கள் தவறானவை என்று சொல்ல யான் துணியேன். பங்குக்காரர் என்ற முறையிற் கேட்க அவருக்கு உரிமையுண்டு. கேட்டவற்றுள் சில கேட்கத்தக்கனவே. ஆயினும் நிறுவியவர் கேட்பதும் ஏனையோர் கேட்பதும் ஒன்றாகா. ஏனையோர் கேட்டால் அது வினா. அவர் கேட்டால் அது தீர்ப்பாகிவிடுகின்றது. உள்ளே இருக்கும் எண்ணிறந்த ஊழியர், எவர் முகத்தைப் பார்த்து வேலை செய்வது என்று மயங்குகின்றனர். ஒரு பாத்திக்கு இரண்டு மடை வெட்டினால் என்னாகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்து நம் தொழிலிலிருந்தே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவைக்கின்றோம். உவர்ப்பு ஏறுங்கால் முதலிற் சுண்ணச் சத்து அடியிற் படிகின்றது. பாமே மானியில் ஏறத்தாழ 25 பாகை காட்டும்போது உப்பு விளையத் தொடங்குகின்றது. உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரை, 29 அல்லது 30 பாகைக்கு மேல் அப்பாத்தியிலேயே நிறுத்தி வைப்பாருளரோ? வைத்தால் மக்னீசியச் சத்துக்களும் உடன் படிந்து உப்புக் கசக்கும். உப்பை விளைவித்ததும் அந்நீரே. காலங்கடந்து நின்றால் விளைவைக் கெடுப்பதும் அந்நீரே. அதனை வெளியேற்றுவது அதனை இகழ்வதாகாது. அக்கசப்பு நீரும் வேறு தொழிற்சாலைகளுக்கு விலைமதிப்புள்ள பொருளாகின்றது. நிற்க.

டாட்டா கன்சல்டன்சி என்னும் கம்பெனி 1968இல் தொடங்கப்பெற்றது. கோலி என்னும் பெரியார் அதனை வளர்த்தார். 1996இல் ராமதுரை அவர்களும், 2009இற் சந்திரசேகரன் அவர்களும் தலைமை ஏற்றனர். சந்திரசேகரன் அவர்கள் நாமக்கல்லை அடுத்த மோகனூரிற் பிறந்து, அவ்வூர் அரசாங்கப் பள்ளியில் தமிழிலேயே பாடங் கற்றவர். தமிழில் படித்தால் எங்கே போய் நிற்பது என்று என்னிடம் வினவும் பெற்றோர்க்கு இவர் பெயரைச் சொல்லி வாயடைத்திருக்கிறேன். 1987இற் கம்பெனியிற் சேர்ந்தார். இருபத்திரண்டாண்டு கழித்துத் தலைவரானார். 2017இல் டாட்டாக் குழுமம் முழுமைக்கும் தலைவரானார். இவருக்குப் பின் வந்த கோபிநாதன், 2023 மார்ச்சில் எவரும் எதிர்பாராவகையில் விலகுவதாகச் சொன்னார். அன்றைத் தினமே, 1989இற் சேர்ந்த கிருத்திவாசன் அவர்களை அடுத்த தலைவராக அறிவித்தனர். ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. முப்பதாண்டுக்கு முன்னரே நாற்று விட்டிருந்தனர்.

ஆயினும் மேலே நடக்கும் ஒழுங்கு கீழிருப்பாரை எப்போதும் காக்கின்றது என்று எண்ணிவிடாதீர்கள். அதே கம்பெனி, 2025 ஜூலையில் தன் ஊழியருள் நூற்றுக்கு இருவரை, அஃதாவது பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோரை, நீக்கப்போவதாகத் தெரிவித்தது. படித்தபோது என் மாணாக்கனின் முகமே என் கண்முன் நின்றது.

வெளியிலிருந்து தலைவரைக் கொணர்வது மற்றொரு முறை. திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அவர்கள் 2010இற் சென்னையில் பிரெஷ்டெஸ்க் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். பின்னர் அது பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் பெற்றது. 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் அதன் பங்குகள் விற்பனைக்கு வந்தன. ஊழியருள் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கோடீசுவரர் ஆயினர் என்று அவர் அந்நாளில் மகிழ்ந்து கூறினார். உழைத்தவர்க்குப் பங்கு கொடுத்த அச்செயல் பாராட்டுக்குரியது. 2024 மே திங்களில், கூகிள், டிராப்பாக்ஸ் முதலிய இடங்களிற் பழகிய டென்னிஸ் உட்சைடு என்பாரிடம் தலைமை நிருவாகத்தை ஒப்புவித்தார். அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ 660 பேர், நூற்றுக்குப் பதின்மூவர், வேலையிழந்தனர். அதே வேளையில், 40 கோடி டாலர் வரையில் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கவும் கம்பெனி தீர்மானித்தது. சந்தையில் விற்கப்படும் பங்குக்கு ஒவ்வொரு காலாண்டும் கணக்குக் காட்ட வேண்டும். புதிய தலைவர் தம்மை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க எளிய வழி செலவைக் குறைத்தல். செலவு என்று கணக்கில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் மக்கள். என் மாணாக்கன் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை இதுவே. தம்பி, நீ பிழை செய்யவில்லை. நீ ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தாய்.

இனி ஸோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, 2009இல் இப்பெயர் பெற்றது. ஸ்ரீதர் வேம்பு அவர்கள் அதன் தலைவராய் நின்று, பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லாமலே அதனை வளர்த்தார். 2005இலேயே, கல்லூரிக்குச் செல்லாத பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்றைக் கம்பெனிக்குள் ஏற்படுத்தினார். தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகம் அமைத்தார். சென்னைக்கு வந்துதான் பிழைக்க வேண்டும் என்னும் கொள்கையை அவ்வூர் பொய்யாக்கிற்று. மத்தளம்பாறைக்கு வாய்த்தது மரக்காணத்துக்கும் வாய்க்குமா என்பது என் நெடுநாளைய ஏக்கம். அதனை வேறொரு நாளிற் பேசுவேன்.

2025 ஜனவரி 27ஆம் நாள் வேம்பு அவர்கள் தலைமை நிருவாகப் பதவியை விட்டு, தலைமை விஞ்ஞானி என்னும் பொறுப்பை மேற்கொண்டார். தொடக்க நாள் முதல் உடனிருந்த சைலேஷ் குமார் தாவே அவர்கள் குழுமத்தின் தலைமை நிருவாகியானார். தனித்தனிப் பிரிவுகளுக்கும் தனித்தனித் தலைவர் அமைந்தனர். கவனியுங்கள்: நிறுவியவர் வீட்டைவிட்டுப் போகவில்லை, கூடத்திலிருந்து பட்டறைக்குள் போயினார். இது நல்லதா? பில் கேட்ஸ் அவர்களும் 2000ஆம் ஆண்டில் இவ்வாறே செய்தார். மைக்ரோஸாப்ட் தலைமையைப் பால்மரிடம் கொடுத்துவிட்டு, ஸாப்ட்வேர்த் தலைமைச் சிற்பி என்று ஒரு பதவியை ஏற்றதோடு, டைரக்டர் சபைத் தலைமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். அச்சபைத் தலைமையை அவர் விட்டது 2014 பிப்ரவரியில், ஐதராபாத்திற் பிறந்த சத்திய நாதெள்ளா அவர்கள் தலைமை நிருவாகியான அன்றுதான். அதன் பின் நடந்தது சுவையானது. லினக்ஸ் என்னும் பொதுவுடைமை ஸாப்ட்வேரைப் பால்மர் 2001இற் புற்றுநோய் என்று வைதிருந்தார். நாதெள்ளா அவர்களோ தாம் வந்த ஆண்டே, மைக்ரோஸாப்ட் லினக்ஸை நேசிக்கின்றது என்று மேடையிற் சொன்னார். முன்னவர் வைததைப் பின்னவர் வாழ்த்தலாம். அதற்கு இடம் இருந்தால்தான் தலைமை மாறியது என்று பொருள். இடமில்லையாயின் மாறியது பெயர்ப்பலகை ஒன்றே. ஸோஹோவில் அவ்விடம் உண்டா என்பது ஓரிரண்டு ஆண்டிற் சொல்லக்கூடியதன்று. வேம்பு அவர்கள் ஒருநாள் விரும்பாத ஒரு தீர்மானத்தை தாவே அவர்கள் எடுக்கும்போதுதான் அது விளங்கும்.

தலைமை கைமாறுவதை முன்னரே வகுத்து வைத்த ஒரு கூட்டத்தை நாம் நன்கறிவோம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் மே 5ஆம் நாள் சிறைப்பட்டார். தமக்குப் பின் யார் என்பதை அவர் முன்னமே குறித்திருந்தார். முதியவரான அப்பாஸ் தயாப்ஜி தலைமை தாங்கினார். அவரும் சில நாட்களிற் சிறைப்படவே, சரோஜினி நாயுடு அம்மையார் தாராசனை உப்புக் கிடங்கை நோக்கித் தொண்டர்களை நடத்தினார். சம்பளமும் பங்கும் இல்லாத அக்கூட்டம், தலைவர் போனபின்னும் ஒருநாளும் கலைந்துவிடவில்லை. நாளையே நாம் இல்லாமற் போவோம் என்று அறிந்தவர்கள், இன்றே அடுத்தவர்க்கு வழியைச் சொல்லிவைக்கின்றனர் போலும்.

நம் சங்கத்தவர்க்கு உரிய ஒரு குறிப்பையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறேன். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களுக்குப் பின்னரே சுற்றந்தழால் வருகின்றது. ஆளை ஆராய்வது முன். உறவைத் தழுவுவது பின். அவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பதவி கொடுக்கும் வழக்கம் கம்பெனிகளில் மட்டும் உள்ளதன்று. இதற்குமேற் சொன்னால் முன்வரிசையிலுள்ள பெரியோர்க்கு மனவருத்தம் உண்டாகும் என்று அஞ்சி நிறுத்துகிறேன்.

பிறர் குறையை இதுகாறும் பேசினேன். என் குறையையும் சொல்லாவிடில் இப்பேச்சு நேர்மையுடையதாகாது. நம் சங்கத்தின் மாலைப் பள்ளியை யான் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகின்றேன் என்பது நீங்கள் அறிந்ததே. வேலையிழந்து வந்த அம்மாணாக்கனிடம், சென்ற ஆனித் திங்களில் அப்பள்ளியை ஒப்புவித்தேன். மாலை போட்டேன், புகழ்ந்து பேசினேன். அவன் முதல் வேலையாக நேரத்தை மாற்றினான். உப்பளக் காலத்தில் பிள்ளைகள் விடியலில் பெற்றோர்க்குத் துணையாகச் செல்வதனால் மாலையில் தூங்கிவிடுகின்றனர். ஆகவே வகுப்பைச் சனி ஞாயிறு பகலுக்கு மாற்றலாம் என்றான். மனப்பாடத்தைக் குறைத்துக் கணக்கை மிகுத்தான். யான் மூன்று கிழமை வாளாவிருந்தேன். நான்காங் கிழமை 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்' என்று சென்றேன். பெற்றோர் இருவர் என்னைக் கண்டு, பழைய நேரமே வசதி என்றனர். அவனைக் கேளாமலே, பழைய நேரமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பதிவுப் புத்தகமும் அலமாரிச் சாவியும் அதுகாறும் என் வீட்டிலேயே இருந்தன என்பதையும் ஒளிக்காமற் சொல்லுகிறேன்.

அவன் சினக்கவில்லை. அன்றிரவு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, அங்கே தலைவர் மாறினார், என் வேலை போயிற்று. இங்கே தலைவர் மாறவில்லை, என் வேலை நடக்கவில்லை" என்றான். இதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. என் மனைவியார் உள்ளிருந்தபடியே, "தம்பி சொல்வது சரிதானே" என்றார்.

ஆதலின், அவைத்தலைவர் அவர்களின் இசைவோடு, இதோ மேசைமேல் அப்பதிவுப் புத்தகத்தையும் சாவியையும் வைக்கின்றேன். கல்வி நிதிக் கணக்கும் இதனுள் இருக்கின்றது. சென்ற ஆண்டில் எழுதப்படாத இரண்டு பற்றுச்சீட்டுகள் பின்னட்டையிற் செருகியுள்ளன. அவை என் பொறுப்பு. இக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். மழைக்காலம் முடிந்து தை பிறந்து பாத்தி கட்டும் வரையில், தம்பி அழைத்தாலன்றி அப்பள்ளியின் வாயிலை யான் மிதியேன். வகுப்பு எந்த நாள், எந்த நேரம் என்று பெற்றோர் எவரேனும் என்னை வழியிற் கேட்பீராயின், அவனைக் கேளுங்கள் என்பதே என் மறுமொழி. அடுத்த திங்கள் பள்ளி அறிக்கையை அவனே வாசிப்பான்.